மாமனார் மாமியாரோடு கரீபியன் கப்பல்: எந்தத் துறைமுகம், எந்தத் தீவு, எந்த அறை?

"எங்கே போகலாம், அத்தை?" என்று கேட்டால் என் மாமியாரிடமிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும். "எனக்கு எதுன்னாலும் சரி, மாப்பிள்ளை. நீங்க பாத்துச் செய்ங்க." மாமா, "எங்களுக்காக எதுக்கு இவ்வளவு செலவு?" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

2023 பிப்ரவரியில் இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொண்டு கப்பலில் இடம் போட்டேன். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். பேயோன் துறைமுகத்துக்கு டர்ன்பைக் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். விமானம் ஏற வேண்டாம், பெட்டிக்கு எடைக் கணக்கு இல்லை, இதைவிட வசதி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் இரவு வட கரோலினா பக்கம் கப்பல் ஆடியபோது அத்தை குளியலறைக் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றிருக்கிறார். உள்ளே காலை வைக்கவும் பயம், கட்டிலுக்குத் திரும்பவும் பயம். பக்கத்து அறையில்தான் நாங்கள் இருந்தோம். கூப்பிடவில்லை. ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துத் தன் மகளிடம், அதாவது என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அவர்கள் மறுபடி வரப்போகிறார்கள். மாமாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பைபாஸ் ஆகி ஆறு வருடம் ஆகிறது, தினமும் நடக்கிறார். அத்தைக்கு 69. சர்க்கரை உண்டு, வலது முட்டி தேய்ந்திருக்கிறது. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குச் சிரமம். கூடவே நாங்கள் இருவரும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனும். இந்த முறை தீவுகளின் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, அத்தையின் முட்டியையும் மாமாவின் மாத்திரைப் பெட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தோம். பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ அழைத்துப் போக நினைக்கும் நம்மவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எந்த மாதம்

இந்தியாவிலிருந்து வரும் பெரியவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதம் வந்து அக்டோபருக்குள் திரும்புகிறவர்கள். குளிருக்குப் பயந்து அப்படி வருகிறார்கள், நியாயம்தான். ஆனால் கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை அது உச்சத்தில் இருக்கும். புயல் வந்தால் கப்பல் அதன் வழியில் போகாது, விலகி வேறு தீவுக்குப் போய்விடும். அதனால் பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் துறைமுகத்தை நம்பி எல்லாம் ஏற்பாடு செய்தோமோ அது இல்லாமல் போகலாம், திரும்புவதும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகலாம். மாத்திரை எண்ணி எடுத்துவந்த பெரியவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு நாள் சின்ன விஷயம் இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் தீவுகளில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் அப்போது இங்கே பெரியவர்கள் பயப்படும் குளிர்காலம். மார்ச்சில் கல்லூரி மாணவர்கள் விடுமுறைக்கு வருவதால் கூட்டமும் சத்தமும் அதிகம். மிஞ்சுவது ஏப்ரல் கடைசியும் மே மாதமும். புயலுக்கு முந்தியது, பள்ளி விடுமுறைக்கும் முந்தியது, விலையும் இறங்கியிருக்கும். மகனுக்கு ஐந்து நாள் பள்ளி போகும். போகட்டும் என்று முடிவு செய்தோம். இதில் ஒரு குறை உண்டு. நடுத்தர அளவுக் கப்பல்கள் பல ஏப்ரல் பாதிக்கு மேல் அலாஸ்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கிளம்பிவிடும். மே மாதம் ஃப்ளோரிடாவில் பெரும்பாலும் பெரிய கப்பல்கள்தான் இருக்கும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பேயோன், ஃபோர்ட் லாடர்டேல், சான் ஹுவான்

முதலில் பேயோன். வீட்டு வாசலில் காரில் ஏறினால் கப்பல் வாசலில் இறங்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய நன்மை. 20 மணி நேரம் பறந்து வந்தவர்களை மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டாம். ஆனால் அங்கிருந்து வெயிலை எட்டவே இரண்டு நாள் ஆகும். குளிர்காலத்தில் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் மேல்தளத்தில் உட்கார முடியாது. வழியில் ஹேட்டராஸ் முனை இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வளைகுடா நீரோட்டம் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது, அதற்கு எதிராக வடக்குக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அங்கேதான். மே மாதம் பிப்ரவரி அளவுக்கு இருக்காது. ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் பஹாமாஸ் பக்கம் போய்த் திரும்புவதுதான், கரீபியனுக்குள் போக வேண்டுமென்றால் இன்னும் கூடுதல் நாள் வேண்டும். விமானத்தில் ஏறவே முடியாத நிலையில் பெரியவர்கள் இருந்தால் கோடையில் பேயோனைத் தேர்ந்தெடுக்கலாம். எங்களுக்கு அந்த நிலை இல்லை.

அப்புறம் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல். நுவார்க்கிலிருந்து மூன்று மணி நேர விமானம். அங்கே எனக்குப் பிடித்தது, விமான நிலையமும் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. காரில் பத்து, பதினைந்து நிமிடம்தான். மயாமியும் பரவாயில்லை, அரை மணிக்குள் போய்விடலாம். போர்ட் கனாவெரல் என்றால் ஆர்லாண்டோவில் இறங்கி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ரோட்டில் போக வேண்டும். டிஸ்னியும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். எந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே போய் ஓர் இரவு தங்குவதை விட்டுவிடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. வீல்சேரில் ஒருவரையும் கையில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்தப் பதற்றம் யாருக்கும் வேண்டாம்.

மூன்றாவது, சான் ஹுவான். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் பகுதி என்பதால் உள்நாட்டு விமானம்தான், நான்கு மணி நேரம். அங்கே கப்பல் ஏறினால் அடுத்த நாளே கரீபியனின் நடுவில் இருப்பீர்கள். ஏழு இரவில் ஐந்து, ஆறு தீவுகள் பார்க்கலாம். தூரம் குறைவு என்பதால் இரவில் ஓடிக் காலையில் அடுத்த தீவில் நிற்கும். தீவுகளுக்காகவே போகிறவர்களுக்கு இதற்கு இணை கிடையாது. பெரியவர்களுக்கு இதுவே கஷ்டமாகவும் ஆகும். தினமும் காலை எட்டு மணிக்குத் தயாராகி, அடையாள அட்டையைக் காட்டி, சரிவுப் பாலத்தில் இறங்கி, வெயிலில் வண்டிக்கு நிற்க வேண்டும். மூன்றாம் நாள் சோர்ந்துபோவார்கள். "வரலை, நீங்க போய்ட்டு வாங்க" என்றும் மாப்பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள்.

மாமா காட்டாத ஆசை

தெற்குத் தீவுகளை அப்படி எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. அதற்குக் காரணம் மாமா.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் மர்த்தினீக் தீவுக்கு முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. அடுத்த வருடக் கடைசியில் குவாதலூப்புக்கும் ஆட்கள் போனார்கள். 1880-கள் வரை இரண்டு தீவுகளுக்கும் சேர்த்துப் போனவர்கள் 60,000-க்கும் மேல். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். மொழி போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை, அங்கே அவள் பெயர் மாலியேமின். மதுரை வீரனுக்கும் உச்சரிப்பு மாறிய ஒரு பெயரோடு வழிபாடு உண்டு. குவாதலூப்பில் காப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்கு அருகே ஷாங்கி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. அந்தத் தீவுகளின் வீட்டுச் சமையலில் கொலொம்போ என்று ஒரு மசாலாக் குழம்பு இருக்கிறது. நம்முடைய குழம்பு என்ற சொல்தான் அது என்பார்கள்.

இதை நான் ஒருநாள் போனில் மாமாவிடம் சொன்னேன். "காரைக்கால்ல இருந்தா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கும்பகோணத்துக்காரருக்குக் காரைக்கால் பஸ் ஏறிப் போகிற தூரம். அடுத்த வாரம் வீடியோவில் பேசும்போது அவர் மேசையில் பேரனின் பழைய அட்லஸ் விரித்துக் கிடந்ததை என் மனைவி கவனித்தாள். கரீபியன் பக்கம்தான் திறந்திருந்தது. போக வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

74 வயதுக்காரரிடம் "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று சொல்ல வாய் வராது. அதனால் சான் ஹுவானிலிருந்து தெற்கே போய் மர்த்தினீக்கின் ஃபோர்-து-பிரான்ஸிலும் குவாதலூப்பின் புவாந்த்-அ-பீத்ரிலும் நிற்கும் பயணங்களைத் தேடிப் பார்த்தேன். கோயிலுக்கும் வண்டி வைத்துப் போய் வரலாம். விசாதான் முதல் தடை. மர்த்தினீக்கும் குவாதலூப்பும் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வருவதில்லை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கென்று தனியாக வாங்க வேண்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ள பேரன் சும்மா இறங்குவான், இந்தியக் கடவுச்சீட்டு உள்ள தாத்தா முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இரண்டாவது தடை, அந்தப் பயணங்களில் வாரத்துக்கு ஒரு நாள்கூடக் கடலில் ஓய்வு கிடைக்காதது. அத்தை சில நாள் கப்பலிலேயே இருக்கலாம், உண்மைதான். ஆனால் அவரைத் தனியே விட்டு மாமா இறங்கமாட்டார்.

கடைசியில் மனைவி மாமாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டாள். "முதல்ல உங்கம்மாவுக்கு முடியுதான்னு பாரு. அவளுக்கு ஒத்துக்கிட்டா அப்புறம் அந்தக் கோயிலைப் பத்திப் பேசுவோம்" என்றாராம். அவர்கள் திரும்பி ஊருக்குப் போனதும் சென்னையில் பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

கிழக்கா, மேற்கா

ஃபோர்ட் லாடர்டேல் என்று ஆனபிறகு ஏழு இரவுக்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்கே கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ஹோண்டுராஸின் ரோவாத்தான். கிழக்கே சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின்.

மேற்கில் காட்சிகள் அதிகம், ஆனால் அவற்றில் பலவும் உடம்பு கேட்பவை. கிராண்ட் கேமனில் கப்பல் கரை அணையவே முடியாது, பெரிய கப்பல்களுக்குத் துறை கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறுபடகில் இறக்குவார்கள். படகு ஒரு அடி ஏறும், ஒரு அடி இறங்கும். அது ஏறும் கணம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். பணியாளர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றாலும் முட்டி தேய்ந்தவர்களுக்கு அந்த ஒரு காலடி பெரும்பாடு. மின்சார வீல்சேர்களை அதில் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். அலை அதிகமானால் நிறுத்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள். பெலீஸ் நகரத்திலும் இதே சிறுபடகுதான். நிறுவனத்தின் பயண அட்டவணையில் சிறுபடகு நிறுத்தம் எது என்று சின்னதாகக் குறித்திருப்பார்கள், விலைக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

ஜமைக்காவில் எல்லோரும் போகும் டன்ஸ் ரிவர் அருவி, வழுக்குப் பாறைகளில் கைகோத்து ஏறுவது. பெரியவர்கள் கீழே பையோடு உட்கார்ந்திருக்க நேரும். கோசுமெலில் கப்பல் நேரடியாகத் துறையில் நிற்கும். ஆனால் மாயன் இடிபாடுகள் என்று எல்லோரும் சொல்லும் துலூம் அந்தத் தீவில் இல்லை. படகில் ஒரு கடல் கடந்து, பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், நிழல் இல்லாத வெயிலில் நடந்து, அதே வழியில் கப்பல் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ என்று சின்ன இடிபாடு இருக்கிறது, அது போதும்.

கிழக்கில் எல்லா நிறுத்தமும் பெரும்பாலும் துறையிலேயே. செயின்ட் தாமஸை 1917-ல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா வாங்கியது. அமெரிக்கக் கொடி பறக்கும் இடங்களில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவது செயின்ட் தாமஸ் அடங்கிய இந்த வர்ஜின் தீவுகளில் மட்டும்தான். ரோட்டைப் பார்த்ததும் மாமா நிச்சயம் கவனிப்பார். துறைமுகத்தில் நிற்கும் டாக்சிகள் லாரியில் பெஞ்சு போட்டது போன்ற திறந்த வண்டிகள், ஏறும் படி உயரம். மூடிய வேன் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். மலை மேலே போய்ப் பார்த்தால் மேகன்ஸ் விரிகுடா முழுவதும் தெரியும், வண்டியிலிருந்து பத்து அடி நடந்தால் போதும். கடைத்தெருவில் நகைக்கடைகள் நிறைய, அவற்றில் பலவும் சிந்திக்காரர்களுடையவை. செயின்ட் மார்ட்டினிலும் அப்படித்தான். பிலிப்ஸ்பர்க் கடற்கரையை ஒட்டிச் சமதளமான நடைபாதை இருக்கிறது. துறையிலிருந்து ஊருக்குச் சின்னப் படகு விடுவார்கள், நடக்க முடியாவிட்டால் டாக்சி பிடிக்கலாம்.

சான் ஹுவானில் மட்டும் கவனம் வேண்டும். பழைய நகரம் அழகு, நீலநிறக் கல் பாவிய தெருக்கள், ஆனால் மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கும். எல் மோரோ கோட்டை 1539-ல் தொடங்கப்பட்டது. அதன் வாசலை அடையவே நிழலில்லாத பெரிய புல்வெளியைக் கடக்க வேண்டும். சான் கிறிஸ்தோபல் கோட்டை துறைமுகத்துக்குக் கிட்டே இருக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் அதுதான்.

கிழக்கில் இன்னொரு நன்மை, கடல் நாட்கள். ஏழில் இரண்டு அல்லது மூன்று நாள் கப்பல் எங்கும் நிற்காது. இளையவர்கள் இதைக் குறையாக எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கு அதுவே நல்ல நாள். சாவகாசமாக எழுந்து, பேரனோடு சீட்டு விளையாடி, மதியம் ஒரு தூக்கம் போடலாம். 2023-ல் திரும்பும் வழியில் ஒரே ஒரு நாள் கடல் அமைதியாக இருந்தது. அத்தை வாய்விட்டுச் சிரித்துப் பேசிய நாளும் அதுதான்.

கப்பலின் அளவு

ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளங்கள். பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். ஆனால் சாப்பாட்டுக்கூடம் ஒரு முனையிலும் அறை மறு முனையிலும் இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று வேளையும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். மறு எல்லையில் ஹாலந்து அமெரிக்கா என்ற நிறுவனத்தின் கப்பல்கள், அவற்றில் பெரிதான ரோட்டர்டாம் கப்பலிலேயே 2,700 பேருக்கும் குறைவுதான். வயதானவர்கள் அதிகம் வருவதால் நடை நிதானம், மாலையில் நல்ல சங்கீதம். எட்டு வயதுப் பையனுக்கு இரண்டாம் நாளே சலித்துப்போகும். வைக்கிங் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதே இல்லை.

நாங்கள் நடுவில் நின்றோம். சுமார் 3,500 பேர் போகும் கப்பல். பிள்ளைகளுக்கு ஒரு கூடம், பெரியவர்களுக்கு உட்கார நிழல். கப்பல் பெரிதானால் ஆட்டமும் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டோம். வீல்சேர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் நிறுவனங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். இடையில் ஒரு வாரம் வேண்டுமென்றால் நாமே கொண்டுபோகவோ, அறையிலேயே கொண்டுவந்து வைக்கும் வாடகைக் கடைகளில் முன்கூட்டிச் சொல்லிவைக்கவோ வேண்டும். அத்தை வீல்சேர் வேண்டாம் என்றுதான் சொல்வார். மடக்கும் ஒன்றை எடுத்துப் போகிறோம். "பை வைக்க உதவும்" என்று மகள் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

அறை

பணத்தை எங்கே கூட்டலாம் என்று கேட்டால், தீவுச் சுற்றுலாவில் மிச்சம் பிடித்து அறையில் போடுங்கள் என்பேன். 2023-ல் அவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள்அறை எடுத்திருந்தேன், அதுவும் கப்பலின் முன்பகுதியில், மேல்தளத்தில். ஆட்டம் அதிகம் தெரிவதே முனைகளிலும் உயரத்திலும்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் பாதி தொந்தரவு குறையும். லிஃப்டுக்குப் பக்கம் இருக்க வேண்டும், ஆனால் மேலும் கீழும் அறைகளாகவே இருக்கும் தளமாகப் பாருங்கள். நடனக்கூடத்துக்கு மேலே அமைந்தால் நள்ளிரவு வரை தூக்கம் வராது.

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புக்கட்டை இருக்கும். எங்கள் அறையில் அது நாலு அங்குலம் இருந்தது. அத்தையைத் தடுத்தது அதுவும் சேர்ந்துதான். உடல் சிரமம் உள்ளவர்களுக்கான அறைகளில் அந்தக் கட்டை இருக்காது, கைப்பிடிகளும் உட்கார்ந்து குளிக்க இருக்கையும் இருக்கும். அந்த அறைகள் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் பயணத்தை அறிவித்த உடனே போய்விடும். நமக்கு உண்மையில் தேவை இருந்தால் கூச்சப்படாமல் கேட்கலாம், ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். இன்னொன்று, கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் சொம்பு எடுத்துப் போனால் பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

பால்கனி வேண்டுமா? நான் விசாரித்த விலையில் உள்அறையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. விடிகாலை நாலரைக்கு எழுந்து பழகியவர்களுக்கு அது தேவை. உள்அறையில் விளக்கைப் போட்டால் மற்றவர் விழிப்பார் என்று அத்தை இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இதுவும் பிறகு தெரிந்ததுதான். டாலர் விலையை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். மனதுக்குள் ரூபாயில் பெருக்கிவிட்டால் வாரம் முழுக்க அதே நினைப்புதான். ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் வரும், அதை முன்பே கட்டிவிடலாம்.

தாள்களும் மாத்திரைகளும்

விசாவில் பார்க்க வேண்டியது, பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்பது. கப்பல் வெளிநாட்டுத் தீவைத் தொட்டுத் திரும்பினால் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாத ஆயுள் இருக்கட்டும். சான் ஹுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்கப் பகுதிகள் என்பதால் அங்கே தனி விசா இல்லை. மெக்சிகோவும் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவை ஏற்கிறது. மற்றத் தீவுகளுக்கு, அவர்கள் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைச் சொல்லிக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்கா வரும்போது வாங்கும் பார்வையாளர் காப்பீடு கப்பலில் செல்லுமா என்று பாருங்கள், பலவற்றில் செல்லாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குத் திடீரென்று வந்தால் மட்டும், அதுவும் குறிப்பிட்ட வயது வரைக்கும் என்று வரம்பு இருக்கும். பல அமெரிக்கப் பயணக் காப்பீடுகளை இங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான் வாங்க முடியும். இந்தியாவில் கிளம்பும்போதே, கடற்பயணமும் அவசரமாகக் கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் உள்ளடங்கிய பாலிசியாகக் கேட்டு வாங்குவது நல்லது. அப்படி ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் பல்லாயிரம் டாலர் ஆகும். கப்பல் மருத்துவர் கட்டணத்தை அறைக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். வாசலில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வர மாலை ஆகலாம். இந்தியப் பிராண்டு பெயர் கப்பல் மருத்துவருக்குத் தெரியாது. மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி இருவர் பையிலும் வைத்துவிட்டோம். இன்சுலின் போடுகிறவர்கள் அறையிலுள்ள குட்டிப் பெட்டியை நம்ப வேண்டாம், அது சும்மா குளிர வைப்பதுதான். மருத்துவ ஃபிரிட்ஜ் கேட்டால் தருவார்கள். வாந்திக்கு அவோமின் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம் தரும், ஆடும் தரையில் அந்தக் கலக்கத்தோடு எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டியும் எல்லோருக்கும் ஆகாது, கண் அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடாது. கிளம்புமுன் அவர்களுடைய டாக்டரையே கேளுங்கள்.

சாப்பாடு

பயந்த அளவுக்கு இல்லை. பெரிய கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முதல் இரவே உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் சொன்னால், மறுநாளிலிருந்து பருப்பும் ஒரு காயும் தனியாக வரும். சூப்பில் கோழிச்சாறு, கேக்கில் முட்டை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். கெட்டிலோ குக்கரோ உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் சமைத்த பண்டமும் ஆகாது, ஆனால் கடையில் வாங்கிப் பிரிக்காத ஊறுகாய், முறுக்கு, காபித்தூள் பொட்டலங்களை விடுகிறார்கள்.

போன முறை மாமா மூன்றாம் நாளே வழி கண்டுபிடித்துவிட்டார். காலை வரிசையில் இருக்கும் சர்க்கரை போடாத தயிரை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். மதியம் வெறும் சோற்றில் அதை ஊற்றி, உப்புப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கையால் பிசைந்து, சட்டைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுப்பார். அத்தைக்குப் பாதியைத் தள்ளிவைத்த பிறகுதான் தான் சாப்பிடுவார்.

முடிவாக, மே முதல் வாரம், ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து கிழக்கு வழி ஏழு இரவு, நடுப்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு பால்கனி அறைகள் பதிவு செய்திருக்கிறோம். தடுப்புக்கட்டை இல்லாத அறை எங்களுக்குக் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. பல கப்பல்களில் பால்கனிகளுக்கு நடுவே உள்ள தடுப்பைப் பணியாளர் திறந்துவிடுவார். முதல் நாளே அதைக் கேட்டுத் திறந்துவைக்கப் போகிறேன். இரவில் அத்தை கூப்பிடாவிட்டாலும் அந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் எங்களுக்குத் தெரியும்.